உங்கள் அரசனுக்கு முடி சூட்டும் முன்

மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன மாரிக்கு முன் தன் முதல் ஃபான்டசிக் கதையைக் கொண்டுவந்து தந்தார். எண்பது பக்கக் கொப்பி, ஓரம்கூட விடாமல் நெருக்கி எழுதியிருந்தது. மூன்றாம் பக்கத்திலேயே நாயகனின் தோளில் பிறை வடிவ மறு ஒன்று தெரிந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் முடிசூட்டு. இடையில் வாள் பேசுகிறது, மலை பிளக்கிறது, பறக்கும் நாகம் நெருப்புக் கக்குகிறது. எல்லாம் விறுவிறுப்பாகத்தான் இருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அந்த மறுவை அழித்துவிட்டால் இவன் ஆருக்குத் தேவை?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கதையே இல்லையே அண்ணன்" என்றார்.

அவருக்கு அன்று தொடங்கி நாலைந்து பின்னேரங்களில் கல்லடிக் கடற்கரையில் இருந்து சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அரசர்களும் போர்களும் நிறைந்த பெரிய மிகுபுனைவுக் கதையை முதல்முறை எழுத இறங்குகிறவர்களுக்கானது இது. முடிக்கு ஒருவனுக்கு உரிமை இருக்கிறது என்பது ஒரு சங்கதி. அவன் ஆளும்போது சனம் நிம்மதியாகச் சோறு தின்னும் என்பது வேறொரு சங்கதி. புதிதாக எழுதுகிறவர்கள் முதலாவதை எழுதிவிட்டு, இரண்டாவதும் தானாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தானாக வராது. இரண்டுக்கும் தனித்தனியே வேலை செய்ய வேண்டும்.

முதல் வேலை: முடி எந்த வழியால் இறங்குகிறது?

கதையைத் தொடங்குமுன் ஒரு தாளில் உங்கள் நாட்டின் வாரிசு வழக்கத்தை ஐந்து வரியில் எழுதுங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. அப்பாவுக்குப் பின் மூத்த மகன் என்று, ஆங்கிலக் கதைகளில் வருகிறபடியே எடுத்துக்கொள்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிறந்தவர்கள் அப்படிச் செய்யும்போது எனக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்குள்ளேயே இதைவிட நல்ல சரக்கு கிடக்கிறதே!

நம் பக்கத்தில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழி. தமிழரிடமும் அப்படித்தான், முஸ்லிம்களிடமும் அப்படித்தான். பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது, தகப்பன் வேறு குடி. இந்தப் பக்கத்து முக்குவர் சமூகத்தின் பழைய வழக்கில் ஒரு ஆணின் முதுசச் சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. இதைத் தூக்கி ஒரு அரண்மனைக்குள் வைத்துப் பாருங்கள். அரசன் மடியில் வைத்து வளர்த்த மகனுக்கு முடி இல்லை. எங்கோ ஒரு ஊரில், அக்கா வீட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருக்கிற மருமகனுக்குத்தான் அது போக வேண்டும். மகனுக்கு வாள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அரசன். சட்டம் கைகாட்டுவது மருமகனை. இன்னும் ஒரு முடிச்சுப் போடலாம். அரசனுக்கு ஒரு மகள் இருந்தால் அவள் அந்த மருமகனுக்கு மச்சாள். அவளை அவன் கட்டிக்கொண்டால் இரண்டு வீடும் சேர்ந்துவிடும், பேரப்பிள்ளையையும் முடியையும் அரசன் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். அவள் மாட்டேன் என்றால் போர். மாயமந்திரம் ஒன்றும் இல்லாமலே முந்நூறு பக்கத்துக்குக் கதை வந்துவிட்டது.

ஐந்து வரியில் இவை இருக்கட்டும்: யாருக்குப் போகும், யாருக்குப் போகாது, வாரிசு இல்லாவிட்டால் யார் தீர்மானிப்பது, வழக்கை மீறினால் என்ன நடக்கும், கடைசியாக யார் மீறினார்கள். ஐந்தாவதுதான் முக்கியம். மீறப்படாத சட்டத்தைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

அடுத்து: அடையாளத்தை உடம்பிலிருந்து கைக்கு மாற்றுங்கள்

உரிமைக்காரன் இவன்தான் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? மறு, மோதிரம், கல்லில் செருகிய வாள், மாலை போடும் பட்டத்து யானை. எல்லாம் பழசு. பழசு என்பதால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கர்ணனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கலிங்க அரசகுமாரி ஆடகசவுந்தரியைப் பேழையில் வைத்துக் கடலில் விட்டார்கள், அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது, அவள் அரசியானாள் என்பது இந்தப் பக்கத்து ஐதீகம். தண்ணீரில் மிதந்துவரும் பிள்ளை எந்தக் காலத்திலும் கேட்கிறவனைப் பிடித்து இருத்தும். ஆனால் பெட்டி கரை ஒதுங்குவதோடு அடையாளத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதில்தான் வாசகனுக்கு நம்பிக்கை வரும்.

இதை மிக நன்றாகச் செய்து காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கின். 1954இலும் 1955இலும் வெளிவந்த 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' கதையில் அரகோர்னுக்கு வம்சம் இருக்கிறது, வாள் இருக்கிறது, கொடி இருக்கிறது. பெரும் போரில் வென்று தலைநகரின் வாசலுக்கும் வந்துவிடுகிறான். அப்போது என்ன செய்கிறான்? கொடியைச் சுருட்டச் சொல்லிவிட்டு வெளியிலேயே கூடாரம் அடிக்கிறான். அழைப்பில்லாமல் நகருக்குள் போனால் பிணக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு காயப்பட்டவர்கள் சாகக் கிடக்கிறார்கள் என்று கேட்டதும், போர்வையைப் போர்த்திக்கொண்டு இராத்திரியில் வைத்தியசாலைக்குப் போகிறான். போய் ஒரு மூலிகை கேட்கிறான். மூலிகைப் பொறுப்பாளர் அதன் பெயர்களை ஒவ்வொரு பாசையிலும் விளக்குகிறாரே தவிர, இலை அவரிடம் இல்லை. கிழவிகள் தலையிடிக்குப் பாவிக்கிற களை அது என்பது அவருடைய எண்ணம். கடைசியில் ஒரு பொடியன் ஓடிப்போய், பறித்து இரண்டு கிழமையான வாடல் இலையைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறான். அரகோர்ன் இலையைக் கசக்கிச் சுடுதண்ணீரில் போடுகிறான், அறை முழுக்க வாசம் பரவுகிறது, கிடந்தவர்கள் கண் விழிக்கிறார்கள். அரசனின் கை வைத்தியனின் கை என்று ஒரு பழமொழி அந்த ஊரில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் வாயோயாத கிழவி ஒருத்தி அதை முதலிலேயே சொல்லிவைத்திருக்கிறாள். விடிவதற்குள் செய்தி நகரம் முழுக்கப் பரவிவிடுகிறது.

இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். அடையாளம் தோளில் இல்லை, கையில் இருக்கிறது. பறை அடித்து அறிவித்தவரும் யாரும் இல்லை. வேலியோரத்து ஆடாதோடை மாதிரி ஒரு இலையும், வாயாடிக் கிழவி ஒருத்தியும் போதுமாக இருந்தார்கள்.

பயிற்சி: உங்கள் வாரிசு தான் யார் என்று சொல்லாமல் ஒரு பராயமில்லாத பிள்ளைக்கோ, காயப்பட்ட எதிரிக்கோ, வயல்காரனுக்கோ ஒரு வேலை செய்கிற காட்சியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்த வேலையை அவனால் மட்டுமே செய்ய முடிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவன் செய்தான் என்பதே போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் கூத்துக் களரியில் அரசன் வரவுத் தாளத்துக்கு ஆடிக்கொண்டு வந்து, தான் இன்னார், தன் பெருமை இன்னது என்று தானே பாடுவான். முன்னால் கட்டியகாரன் வந்து கட்டியமும் கூறிவிட்டுப் போயிருப்பான். கரப்புடுப்பும் மத்தளமும் விடிய விடிய எரியும் வெளிச்சமும் இருக்கும்போது அது எடுபடும். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் அடித்த அடி நம் நெஞ்சில் விழுகிறதே! கடதாசியில் மத்தளம் இல்லை. அங்கே உங்கள் அரசன் தன் பெருமையைத் தானே பேசினால், தேர்தல் மேடை மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது: கதிரை காலியாகக் கிடக்கும்போது

உரிமைக்காரன் காட்டில் திரியும் காலத்தில் நாட்டை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்? அந்த ஆளைப் புதியவர்கள் வில்லனாக்கிவிட்டுக் கடந்துபோய்விடுகிறார்கள். வீணாக்காதீர்கள்.

டோல்கினின் கதையில் அரகோர்னுக்கு உரிய நாடான கொண்டோரில் சிம்மாசனம் உயரத்தில் வெறுமையாக இருக்கும். அதற்குப் போகும் படிகளின் அடியில், கறுப்புக் கல்லாலான ஒரு சாதாரணக் கதிரையில் காவலாளுநர் டெனதோர் இருப்பார். தலைமுறை தலைமுறையாக அவர் வம்சம் இருந்து வந்த இடம் அது. அரசன் வராமலே போனால் காவலாளுநர் அரசனாக எத்தனை நூறு வருடம் ஆகும் என்று அவர் மூத்த மகன் சின்ன வயதில் கேட்டிருக்கிறான். அந்த ஒரு கேள்வியில் அந்தக் குடும்பத்தின் முழுச் சீரழிவும் இருக்கிறது. டெனதோர் கெட்டிக்காரர், கடுமையாக உழைப்பவர். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் கிட்டவந்தபோது அவருக்குக் கை விரியவில்லை.

இவருக்குப் பக்கத்தில் பரதனை நிறுத்திப் பாருங்கள். அண்ணனின் பாதுகையை அரியணையில் வைத்துவிட்டு, அயோத்திக்குள்ளும் போகாமல் நந்தியம்பதியில் இருந்து பதினான்கு வருடம் ஆண்டவன். தவணை முடிந்தும் இராமன் வரக் காணோம் என்றதும் தீ மூட்டச் சொன்னவன். இராமகதையில் நல்ல அரசன் யார் என்று என்னைக் கேட்டால் நான் பரதனைத்தான் சொல்வேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

உங்கள் கதையில் இந்த இருவருக்கும் நடுவில் எங்கேயாவது ஒருவரை வையுங்கள். நல்லவர், ஆனால் பழகிவிட்டார். அவருக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள்.

நான்காவது: யானையும் வரியும்

இதில்தான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்வேன். அரசன் போர் இல்லாத நாளில் என்ன செய்கிறான்? யாரிடம் எவ்வளவு வாங்குகிறான்? தண்ணீரை யாருக்குத் திறந்துவிடுகிறான்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், கதிர் முற்றும் காலத்தில் யானை வந்துபோன காலை எப்படி இருக்கும் என்று. இரவு முழுக்கப் பரணில் இருந்து யானை வெடி போட்டு, விடியப்புறம் கண் அயர்ந்த அரைமணி நேரத்தில் ஒற்றை யானை இறங்கிவிட்டுப் போயிருக்கும். தின்றது ஒரு மூலையில் கொஞ்சம்தான். மற்ற இடமெல்லாம் நெல் சேற்றோடு சேர்ந்து படுத்துக் கிடக்கும். ஒவ்வொரு அடியும் ஒரு தாச்சி அளவுப் பள்ளம், அதற்குள் தண்ணீர் ஊறியிருக்கும், மேலே கதிர் மணி மிதக்கும். தின்றதை மன்னித்துவிடலாம், மிதித்ததை மன்னிக்க முடியாது என்று எங்கள் சித்தப்பா சொல்வார்.

இதையே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னார். புறநானூற்றில் 184ஆவது பாட்டு. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு வரும். நூறு வயல் இருந்தாலும் யானை தானே இறங்கித் தின்றால் வாய்க்குள் போனதைவிடக் கால் கெடுத்தது பெரிது. வரி வாங்கத் தெரிந்த அரசனின் நாடு செழிக்கும், தெரியாதவன் யானை புகுந்த வயல் மாதிரித் தானும் தின்னான், நாடும் கெடும். வள்ளுவர் இன்னும் சுருக்கமாக, கோலோடு நிற்கிறவன் கேட்பதை, வேலோடு வழிமறித்து நிற்கிறவன் 'கொடு' என்பதற்கு ஒப்பிட்டுவிட்டார். ஃபான்டசி அரசனுக்கு வரிக் கொள்கை எதற்கு என்று சலிக்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒருதரம் படித்துவிட்டு வரட்டும்.

தண்ணீருக்கு வருகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது. முறைத் தண்ணீர் என்று தீர்மானித்தார்கள். எங்கள் வயல் வட்டைக்குப் பொறுப்பாக இருந்த மனிதரின் காணி தலைமடையில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. அவர் மண்வெட்டியோடு நடந்து கடைமடைக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வயலாகப் பாயவிட்டுக்கொண்டு வந்தார். தன் வயலுக்கு வந்தபோது பொழுது பட்டுவிட்டது, வாய்க்காலிலும் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வரம்பில் குந்தியிருந்து ஒரு வெற்றிலை போட்டார். அவருடைய விளைச்சல் அந்தப் போகம் குறைவு. ஆனால் அடுத்த வருடம் இரண்டு குடும்பம் வெட்டுக்குத்துக்குப் போக இருந்த ஒரு வரம்புச் சண்டையில், அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் கத்தியைக் கீழே போட்டது. அதிகாரம் என்ற சாமான் எங்கே செய்யப்படுகிறது என்று நான் அந்த வரம்பில்தான் பார்த்தேன்.

பயிற்சி: நெல், உப்பு, தண்ணீர், துறையில் கட்டும் ஆயம், இவற்றில் ஒன்றை எடுங்கள். அரசன் அதைப் பற்றி ஒரு கட்டளை போடுகிறான். அரண்மனையில் அவன் வாய் திறந்ததை எழுத வேண்டாம். நாட்டின் கடைமடையில் இருக்கிற ஆளிடம் அந்தக் கட்டளை வந்து சேரும் நாளை எழுதுங்கள். இடையில் எத்தனை கை பட்டு, எவ்வளவு திரிந்து வருகிறது என்பதையும் சேர்த்து.

ஐந்தாவது: ஒரு பிழையான தீர்ப்பு

வைகாசி பிறந்தால் நம் ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கும். சடங்கு நாட்களில் வழக்குரை பாடுவார்கள், குளிர்த்தியோடு முடியும். யோசித்துப் பாருங்கள்: ஒரு அரசன் விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பை வருடா வருடம் ஊர் கூடி இருந்து கேட்கிறது. பாண்டியனின் உரிமையில் எந்தக் குறையும் இல்லை. பழைய வம்சம், பெரிய பட்டணம், வென்ற போர்கள். கெட்டவனும் இல்லை. பொற்கொல்லன் சொன்னதை நம்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டான், அவ்வளவுதான். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைந்ததிலிருந்து தெறித்ததோ மாணிக்கம்.

சிலப்பதிகாரத்தில் அதற்குப் பிறகு பாண்டியன் வாதாடவில்லை. அரசன் நானா, நான்தானே கள்வன் என்று சொல்லி அங்கேயே விழுந்து சாகிறான். சாகிற அந்தக் கணத்தில்தான் அவன் நமக்கு அரசனாகத் தெரிகிறான் என்பது எவ்வளவு பெரிய கொடுமை!

உங்கள் நல்ல அரசனும் ஒரு பிழை விட வேண்டும். அவனுடைய சொந்தப் பிழையாக இருக்கட்டும், மந்திரவாதி மயக்கினான் என்று தப்பவிடாதீர்கள். தருமரைச் சூதாட யாரும் மயக்கவில்லை. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் வனவாசம் போகும் நாளில், பஞ்சபாண்டவராக வேடமிட்டவர்கள் நடக்க ஊரே பின்னால் போகும். நாட்டைத் தோற்றது தருமர்தான் என்பது அந்தச் சனம் அத்தனைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போகிறார்கள். உங்கள் அரசன் பிழை விட்ட பிறகும் யார் யார் பின்னால் போவார்கள், யார் வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள், பாதிக் கதைக்குப் பின் கைகொடுக்கும்.

ஆறாவது, சுருக்கமாக: இரண்டு ஏடு

1215இல் கலிங்கத்திலிருந்து படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்த மாகன், பௌத்த வரலாற்று ஏடான சூளவம்சத்தில் விகாரைகளை இடித்து 21 வருடம் நாட்டைச் சீரழித்த கொடியவன். 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தில் அதே மாகோன் குடிமுறையும் கோயில் ஊழியமும் வகுத்துத் தந்த அரசன். ஆள் ஒன்று, ஏடு இரண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது சரித்திரகாரர் வேலை. கதை எழுதுகிறவருக்கு வேண்டியது வேறு: உங்கள் அரசனைப் பற்றி வென்ற ஊரின் ஏட்டில் அரைப் பக்கம், தோற்ற ஊரின் ஏட்டில் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். இரண்டாவதை எழுதக் கை கூசினால் உங்கள் அரசன் இன்னும் பொம்மைதான்.

கடைசி வேலை: முடியை யார் தூக்கிவருவது?

முடிசூட்டுக் காட்சியில் பன்னீரும் முரசும் பக்கம் பக்கமாக வேண்டாம். நம் பக்கத்துக் கோயில் திருவிழா ஒன்றுக்குப் போயிருந்தால் உங்களுக்கு இது புரியும். எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் எந்தக் குடி, கோயில் மரியாதையான காளாஞ்சி முதலில் யார் கையில் என்பதில்தான் எல்லோருடைய கண்ணும் இருக்கும். அந்த வரிசையில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் பத்து வருடத்துக்குக் கதைப்பார்கள். முடிசூட்டும் அப்படித்தான். அரகோர்ன் பலரின் உழைப்பால்தான் இந்த இடத்துக்கு வந்தேன் என்று சொல்லி, முடியைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளாமல், கதையின் மாய மோதிரத்தைச் சுமந்த குட்டையன் ஃப்ரோடோவிடம் அதைக் கொண்டுவரச் சொல்லி, மந்திரவாதி கண்டால்ஃபைக் கொண்டு சூடிக்கொள்கிறான். யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்த்தாலே முந்தைய ஆயிரம் பக்கமும் நினைவுக்கு வரும்.

ஆகவே உங்கள் கதையில் முடியைக் கொண்டுவருகிறவர் யார், அதைக் கொண்டுவர ஆசைப்பட்டு விடப்பட்டவர் யார் என்ற இரண்டை மட்டும் முதலில் தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

தம்பியின் கொப்பி இப்போது மூன்றாவது தரம் எழுதப்படுகிறது. மறு இருக்கிறது, ஆனால் சட்டைக்குள். நாயகன் ஒரு வாவித் துறையில் ஓடம் வலிக்கிறான். அந்தத் துறையை நடத்தும் அம்மா அவனுக்குக் கூலியைக் குறைத்துத்தான் கொடுக்கிறாள். போன கிழமை வந்து, முடியை அந்த ஓடக்கார அம்மாவே கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வரட்டும் என்றேன். "அவவின்ட கை எப்பவும் ஈரமாத்தானே அண்ணன் இருக்கும், தங்கத்தை எப்படிப் பிடிப்பா?" என்று அவரே கேட்டார். பிறகு, நான் வாய் திறக்க முதலே, "சீலைத் தலைப்பில துடைச்சிட்டுத்தான் பிடிப்பா" என்று சொல்லிக்கொண்டு பேனையைத் தேடினார்.